மலையிறங்கிப் போன பூட்ஸ்

அத்தியாயம் 7

முதல் கல் பால்பாண்டியின் காதோரமாகப் பறந்தது. இரண்டாவது தோளில் விழுந்தது. மூன்றாவதை நின்று வாங்கிக்கொள்ள அவனுக்கு விருப்பமில்லை. கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்குவாளியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

"அண்ணே, அந்தம்மா இப்பத்தான் குறி பழகுது. பழகி முடிக்கிறதுக்குள்ள போயிருவோம்."

"தூக்குவாளியைக் கீழ இறக்கு. அதுல அடிபட்டா மத்தியானம் ரெண்டு பேரும் பட்டினி" என்றார் துப்பறிவாளர் கமருதீன். அவர் குனியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கல் எறிந்தவளையே பார்த்தார்.

குரங்கணியிலிருந்து ஒரு மணி நேர ஏற்றத்தில், ஏலக்காடு தொடங்கும் இடத்தில், அந்தப் புல்குடிசை தனியாக நின்றது. தட்டிக் கதவு இறுகச் சாத்தியிருந்தது. அதற்கு முன்னால் காலை அகட்டி உட்கார்ந்திருந்தாள் முனியாயி. ஐம்பது வயது இருக்கும். காட்டில் விறகும் தேனும் எடுத்து விற்றுப் பிழைப்பவள். மடியில் சீவிய மூங்கில், கையில் அடுத்த கல்.

"இங்க எவனும் வரல! எவனையும் நான் பாக்கல! ஏறி வந்த காலோட இறங்குங்கடா!"

பால்பாண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பொன்னுமணிதான். குரங்கணியில் டீக்கடை வைத்திருப்பவன். இன்றைக்கு இவர்களுக்கு வழிகாட்ட அவனாகவே முன்வந்து கூட வந்திருந்தான்.

"நான்தான் அப்பவே சொன்னேனே அண்ணே. புருசன் போனதுலருந்து இப்பிடித்தான். பைத்தியம். வாங்க, நம்ம சோலியைப் பாப்போம்."

மூவரும் குடிசையைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். தோளைத் தேய்த்தபடியே பால்பாண்டி முணுமுணுத்தான். வாய் சும்மா இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

"ஒண்ணரைச் சாண் நீளத்துக்குத் தட்டை தட்டையா மூங்கில் சீவி வச்சிருக்கு. கூடைக்கும் ஆகாது, தட்டிக்கும் ஆகாது. எலிக்குக் கட்டில் கட்டுது போல."

கமருதீன் சிரிக்கவில்லை. "எத்தனை இருந்துச்சு?"

"எட்டோ ஒம்பதோ. ஏண்ணே, நமக்கும் ஒரு கட்டில் சொல்லிருவமா?"

"நடடா."

கமருதீன் கம்பத்துக்காரர். பன்னிரண்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து, மற்றவர்கள் கண்டுபிடித்ததை எழுதி எழுதிச் சலித்துப்போய், மதுரையில் மாடி அறை ஒன்றைப் பிடித்துத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்தவர். மலையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இங்கேயும் மினுமினுக்கும் கறுப்பு பூட்சோடுதான் வந்திருந்தார். பால்பாண்டி ராசிங்காபுரத்தில் பிறந்தவன். துப்பறிவாளருக்கு உதவியாளன் என்றால் துப்பாக்கி பிடிக்கலாம் என்று நம்பி வேலைக்குச் சேர்ந்தவன். மூன்று வருஷமாகத் தூக்குவாளிதான் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

அவர்கள் தேடி வந்தது குணரத்தினம் என்கிற இருபத்துநாலு வயதுப் பையனை. இலங்கையில் நெடுந்தீவு அவனுக்குச் சொந்த ஊர். முதுகில் ஒரு கான்வாஸ் மூட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி, காலில் பட்டாளத்து பூட்ஸ். இவ்வளவுதான் சொத்து. ராமேசுவரத்தில் இறங்கித் தெற்கத்திச் சீமையைக் கால்நடையாகவே பார்த்துவிடுவது என்று கிளம்பியவன், நாலு நாளைக்கு ஒரு தடவை அக்காவுக்குத் தவறாமல் கார்டு எழுதினான். கடைசிக் கார்டு போடியிலிருந்து போனது. 'நாளைக் காலை குரங்கணி வழியாக மலை ஏறுகிறேன்.' அதற்கப்புறம் ஒரு வரி இல்லை. அடுத்த கார்டு வர வேண்டிய நாள் தாண்டியதும் அக்கா அன்னப்பிள்ளை டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டாள். இப்போது போடியில் முகைதீன் பிச்சை என்கிற ஜவுளிக் கடைக்காரர் வீட்டில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நேற்று அங்கேதான் கமருதீன் அவளைப் பார்த்தார். அவள் அழவில்லை. வகுப்பில் பாடம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். பூட்சை அவள் ஊர் வழக்கப்படி சப்பாத்து என்றாள்.

"அவன் விளையாட்டுப் பிள்ளை இல்லை ஐயா. தெரியாத ஊரில எப்பிடி நடக்கிறது எண்டு அவனுக்கு நான் சொல்லித்தான் விட்டனான். கார்டு போடச் சொன்னனான், போட்டவன். சப்பாத்தைக் கழட்டாதை எண்டு சொன்னனான், கழட்ட மாட்டான். பத்து வயசில வெறுங்காலோட கடற்கரைக்குப் போய் கூரான முருகைக்கல்லுக் குத்தி மூண்டு மாசம் படுத்தவன். காலையே எடுக்க வேணும் எண்டு டொக்டர் சொன்னவர். அண்டைக்கு என்ட தலையில கை வைச்சுச் சத்தியம் பண்ணினவன், வழியில ஒருநாளும் சப்பாத்துக் கழட்டுறேல்லை எண்டு. கோயிலைக் கண்டாலும் வெளியில நிண்டு கும்பிட்டுட்டுப் போறவன்."

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உயிரோட இருக்கிறானோ?"

கமருதீன் அவள் நீட்டிய கடைசிக் கார்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பால்பாண்டிக்கு அன்றைக்கு ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை.

இன்று காலையில் குரங்கணியில் கால் வைத்ததிலிருந்து இவர்களுக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர் கேட்டதும் கிணற்றடியில் நின்றவள் வாளியையும் கயிற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஏலத்தோட்டத்து மேஸ்திரி வெள்ளைத்துரை கம்பைத் தரையில் தட்டி, "வேலிக்கு இந்தப் பக்கம் கால் வச்சா அந்தக் காலு உங்களோட திரும்பி வராது" என்று சொல்லிவிட்டுத் துப்பினான். கூடையும் கையுமாக நின்ற பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். காணாமல் போனவனைப் பற்றிக் கேள்வி கேட்க வந்த போலீஸ்காரர்கள் போன வாரம் சுமை தூக்குகிற இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு நாள் சோறில்லாமல் உட்கார வைத்திருந்தார்கள். அதிலிருந்து, கேள்வி கேட்கிறவன் எவனாக இருந்தாலும் இந்த மலைக்கு அவன் பகையாளிதான்.

சிரித்த முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பொன்னுமணி கூப்பிட்டு உட்கார வைத்து, கருப்பட்டி போட்ட டீ கொடுத்து, காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான்.

"பையன் நல்ல பையண்ணே. ஏறையில நம்ம கடையிலதான் டீ குடிச்சான். அவன் கூட நான் எங்கயும் போகல. மறுநாளு பழைய பாதை வழியாத் தனியா இறங்கி வந்தான். வந்த வேகத்துல தேவாரம் பக்கம் போற லாரியில ஏறிப் போயிட்டான். எதிர்ச்சரிவுல காய் பறிச்ச பொம்பளைக அத்தன பேரும் பாத்திருக்காக. வெள்ளைத் தொப்பி, முதுகுல மூட்டை. அவன் பூட்சுத் தடம்கூட இன்னும் பாதையில அப்பிடியே கெடக்கு. வாங்க, நானே காட்டுறேன்."

வாயைத் திறக்க மறுத்த அந்த மலையில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பையன் இறங்கிப் போய்விட்டான். அதனால்தான் போலீசும் நடையைக் கட்டிவிட்டது.

முனியாயியின் குடிசைக்கு அப்பால் பழைய பாதை கீழ்நோக்கிப் பிரிந்தது. ஜீப்பு ரோடு வந்த பிறகு அதில் யாரும் அவ்வளவாக நடப்பதில்லை. அந்த வருஷம் ஐப்பசி மழை ஒரே ஒருநாள் கொட்டித் தீர்த்துவிட்டு, இருபது நாளாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சேறாக இருந்த செம்மண் இப்போது ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. அதில் பூட்ஸ் தடம் அச்சடித்ததுபோல இறங்கிப் போயிற்று. அடியில் ஆணி வரிசை, குதிகாலில் லாடம், இடது காலில் மட்டும் ஒரு ஆணி குறைவு.

"வெரசா வாங்கண்ணே" என்றான் பொன்னுமணி, வானத்தைப் பார்த்து. மேகம் மலைமேல் அடைசலாக இறங்கிக்கொண்டிருந்தது. "மழை விழுந்துட்டா எல்லாம் கரைஞ்சு போயிரும். நீங்க ஒரு தடவை கண்ணால பாத்துட்டா அந்த டீச்சரம்மாகிட்ட நிம்மதியாச் சொல்லிப்புடலாம்ல."

"எங்க நிம்மதியில உங்களுக்கு இவ்வளவு அக்கறை. நீங்க நல்லா இருக்கணும்" என்றார் கமருதீன்.

அரை மணி நேரம் தடத்தோடு தடமாக இறங்கினார்கள். ஒரு வளைவு திரும்பியதும் பாதையோரத்தில் பெரிய நாவல் மரம் ஒன்று நின்றது. அதன் அடியில் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த இலையும் கொப்புமாக ஒரு குவியல். பாதையிலிருந்து அதற்குப் போகும் வழியில், பத்தடி முன்னதாக, ஒரு தட்டைக் கல்.

பால்பாண்டி பேச்சை நிறுத்தாமலே தட்டைக் கல்லோரம் செருப்பை உதறினான். பக்கத்துச் செடியில் ஒரு கொப்பு ஒடித்தான். குவியலின்மேல் போட்டான். கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தான். பொன்னுமணியும் அவன் பின்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அதையே செய்தான்.

கமருதீன் பாதையிலேயே நின்றுவிட்டார். "என்னடா அது?"

"தழைக்கருப்பு அண்ணே. இந்தப் பக்கம் ஏறுனாலும் இறங்குனாலும் ஒரு கொப்பு தழை போட்டுட்டுத்தான் போகணும். காவக்காரச் சாமி."

"சாமியா? சிலை இல்ல, சூலம் இல்ல, ஒரு மணிகூட இல்ல. யாரோ கூட்டிக் குமிச்ச குப்பைன்னுல்ல நினைச்சேன்."

"சத்தமாச் சொல்லாதீக. கோவக்காரச் சாமி" என்ற பால்பாண்டி கீழே பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டான். "இங்க பாருங்கண்ணே! நம்ம பையன் நல்ல பிள்ளை. அவனும் கும்பிட்டுட்டுத்தான் போயிருக்கான்."

தட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு பூட்ஸ் தடமும் ஜோடியாக, ஆழமாகப் பதிந்திருந்தன. அங்கிருந்து குவியல் வரைக்கும் வெறுங்கால் தடம் போய், அதே வழியில் திரும்பி வந்திருந்தது. பிறகு மறுபடியும் பூட்ஸ் தடம் கீழே இறங்கியது. பால்பாண்டியின் செருப்பும் பொன்னுமணியின் செருப்பும் அந்தப் பூட்ஸ் தடத்தை ஒட்டியே கிடந்தன. மூன்று ஜோடியும் கடையில் அடுக்கி வைத்தது மாதிரி இருந்தது.

"ஆமாப்பு, பக்தியான பையன்" என்றான் பொன்னுமணி.

கமருதீன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அது அழுக்காக இல்லை என்பது பால்பாண்டிக்குத் தெரியும். ஆனால் ஏன் துடைக்கிறார் என்பது தெரியவில்லை.

"பொன்னுமணி, எனக்கு ஒரு உதவி செய்யணுமே" என்றார் ஒருவழியாக. "பையன் ஓடி இறங்கினானா, ஆற அமர இறங்கினானான்னு தெரிஞ்சா, லாரியைப் பிடிக்கத்தான் போனானான்னு சொல்லிரலாம். நீங்க அவன் உசரம்தான். என் பூட்சைப் போட்டுக்கிட்டு அந்த வளைவுலருந்து கீழ தெரியுற பாறை வரைக்கும் ஒரே மூச்சா நடந்து வாங்க. நிக்காம வரணும். நான் தடத்தைப் பாக்குறேன்."

"அதுக்கென்னண்ணே, நடந்தாப் போச்சு."

கமருதீன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பூட்சைக் கழற்றினார். பால்பாண்டிக்கு அடக்க முடியவில்லை. "பாத்துப் போடுங்க. எங்கண்ணன் பூட்சுக்குள்ள ஒரு ஆளு காலை நீட்டிப் படுக்கலாம். லேசு கட்டத் தெரியுமா, நான் கட்டிவிடவா?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் பொன்னுமணி இரண்டு காலிலும் லேசை இழுத்து முடிச்சுப் போட்டு முடித்திருந்தான். சிரித்துக்கொண்டே வளைவு வரைக்கும் ஏறிப் போனான். திரும்பினான். தொம்தொம் என்று இறங்கி வந்தான்.

கமருதீன் காலுறையோடு பாதையில் நின்று பார்த்தார். பத்து எட்டு, இருபது எட்டு. நாவல் மரம் வந்தது. பொன்னுமணியின் நடை தானாகத் தளர்ந்தது. தட்டைக் கல்லுக்குப் பக்கத்தில், பழைய தடத்துக்குப் பக்கத்திலேயே, இரண்டு காலையும் ஜோடி சேர்த்து நின்றான். குனிந்து வலது பூட்சின் முடிச்சை அவிழ்த்தான். காலை வெளியே எடுத்தான்.

"நிக்காம வரணும்னு சொன்னேனே, பொன்னுமணி."

பொன்னுமணி குனிந்தபடியே நிமிர்ந்து பார்த்தான். "சாமி இருக்குல்ல அண்ணே. பூட்சுக் காலோட எப்பிடித் தாண்டுறது?"

"இங்க சாமி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"மலைக்காரன் அத்தன பேருக்கும் தெரியும்."

"கம்பத்துல பிறந்த எனக்கே தெரியலையே. பள்ளிவாசலுக்குப் போனா நானும் பூட்சைக் கழட்டத்தான் செய்றேன். அது பள்ளிவாசல்னு எனக்குத் தெரியும், கழட்டுறேன். இது குப்பையில்ல, சாமின்னு நெடுந்தீவுக்காரனுக்கு யார் சொன்னா? கூட நீங்களும் போகல. தனியா இறங்கினான்னு சொன்னது நீங்கதான். கோயில் வாசல்லயே கழட்டாதவன், அக்கா தலையில அடிச்ச சத்தியத்தை இந்த இலைக் குவியலுக்காகவா விட்டுட்டான்?"

பொன்னுமணியின் முகத்தில் காலையிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த சிரிப்பு அப்போதுதான் போயிற்று. அது போன பிறகு அந்த முகம் பால்பாண்டிக்கு அடையாளமே தெரியவில்லை.

"இந்தத் தடத்தைப் பாத்த போலீசுக்காரனும் மலையடிவாரத்துக்காரன், பால்பாண்டி. நீயும் மலையடிவாரத்துக்காரன். போட்டவனும் மலைக்காரன். உங்க யாருக்கும் இதுல ஒண்ணும் வித்தியாசமாப் படல. நல்ல பிள்ளைன்னு சொன்ன. இந்த பூட்சு மலையிறங்கினது நிசம். பையன்தான் இறங்கல."

பொன்னுமணியின் கை இடுப்புக்குப் போனது. பாதையில் முள் வெட்டவென்று செருகியிருந்த அரிவாள் வெளியே வந்தது. "கம்பத்துலருந்து வந்து எங்க மலையில நாட்டாமையா பண்ற?"

கமருதீன் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் உண்மை. காலுறையில் முள் ஏறியிருந்தது. பால்பாண்டி யோசிக்கவேயில்லை. மூன்று வருஷமாகச் சுமந்த தூக்குவாளியைச் சுழற்றி வீசினான். அது அரிவாள் பிடித்த மணிக்கட்டில் போய் விழுந்தது. அரிவாள் ஒரு பக்கமும் இட்லி நாலு பக்கமும் பறந்தன. பொன்னுமணி கீழ்நோக்கி ஓடினான். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் ஒன்றுமில்லை. நாலாவது எட்டில் கால் மடங்கி முகங்குப்புற விழுந்தான். பால்பாண்டி பாய்ந்து போய் முதுகின்மேல் உட்கார்ந்துகொண்டு தன் துண்டாலேயே கையைப் பின்னால் கட்டினான்.

"அண்ணே, துப்பாக்கி வேணாம். இன்னொரு தூக்குவாளி வாங்கிக் குடுத்துருங்க."

"நான் தள்ளல!" என்று மண்ணைத் துப்பினான் பொன்னுமணி. "தானா வழுக்கிப் பள்ளத்துல விழுந்தான். பாறைப் பொடவுக்குள்ள வந்து ஏன் எட்டிப் பாக்கணும்? எங்க சோலியில அவனுக்கென்ன சோலி?"

"அந்தக் குகைக்குள்ள என்ன இருந்துச்சு? தோட்டத்துல திருடுன ஏலக்காயா?"

பொன்னுமணி முகத்தை மண்ணிலேயே புதைத்துக்கொண்டான்.

"சரி, தானாத்தான் வழுக்கினான். விழுந்து கெடந்தவன் காலுலருந்து பூட்சைக் கழட்டுனது யாரு? அதை மாட்டி, தொப்பியும் மூட்டையும் போட்டு, எதிர்ச்சரிவுல நிக்கிறவகளுக்குத் தெரியட்டும்னு பட்டப்பகல்ல இறங்குனது யாரு? அப்ப அவனுக்கு மூச்சு இருந்துச்சா?"

"இல்ல" என்றான் பொன்னுமணி. பிறகு, "பாக்கல" என்றான்.

பால்பாண்டிக்குக் கை துறுதுறுத்தது. ஓங்கிவிட்டான். கமருதீன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்திரி. மேல போகணும்."

"பள்ளத்துக்கா? இருபது நாளாச்சேண்ணே. அந்த டீச்சரம்மாகிட்ட எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போயி நிப்போம்?" என்றான் பால்பாண்டி.

"பள்ளத்துக்கு இல்ல. எலிக்குக் கட்டில் கட்டுற வீட்டுக்கு."

பால்பாண்டி விழித்தான்.

"உங்க ஊருல கால் எலும்பு முறிஞ்சா என்னடா வச்சுக் கட்டுவாக?"

"உளுந்து மாவும் முட்டையும் பத்துப் போட்டு, சுத்தி மூங்கில் பத்தை…" என்றவன் வாயைப் பொத்திக்கொண்டான். "ஒண்ணரைச் சாண்! அண்ணே, முழங்காலுக்குக் கீழ ஒண்ணரைச் சாண்! வீக்கம் வடிஞ்சா பழசை அவுத்துட்டுப் புதுப் பத்தை வச்சுக் கட்டணும்!"

"செத்தவனுக்கு யாரும் பத்தை சீவ மாட்டாக. நட."

பாதி ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. இருபது நாள் கோபத்தையும் சேர்த்துக் கொட்டியது. பூட்ஸ் தடம் ஒவ்வொன்றாகக் கரைந்து சிவப்புத் தண்ணீராக ஓடியது. பால்பாண்டி பதறினான். கமருதீன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஓடட்டும். அது சொல்ல வேண்டியதைச் சொல்லிருச்சு" என்று விந்தி விந்தி நடந்தார்.

குடிசை வாசலில் முனியாயி நனைந்துகொண்டு நின்றாள். கையில் கல் தயாராக இருந்தது. கட்டிய கையோடு மண் அப்பிய முகத்தோடு பொன்னுமணி முன்னால் வருவதைப் பார்த்தாள். கல்லை உடனே கீழே போட்டுவிடவில்லை. கிட்டே வந்து அவன் கைக்கட்டை இழுத்துப் பார்த்தாள்.

"நெசமாத்தான் கட்டியிருக்கீகளா? இவன் கூட்டாளிக இல்லையா நீங்க?"

"காலையில நீ எறிஞ்ச கல்லு என் தோள்ல விழுந்துச்சு, ஆத்தா" என்றான் பால்பாண்டி.

"நான் இவனுக்குல்ல எறிஞ்சேன். நீ எதுக்குய்யா ஊடால நின்ன?"

கல் கீழே விழுந்தது. அதோடு அவளும் உட்கார்ந்துவிட்டாள். இருபது நாள் வைத்திருந்த தைரியம் அத்தனையும் அந்த ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. அழுதாள்.

"விறகுக்குப் போனப்ப பள்ளத்துல கெடந்தவனை முதுகுல தூக்கியாந்தேன்யா. காச்சலு வந்து டீக்கடைக்காரன், டீக்கடைக்காரன்னு அனத்துனான். நான் யாருகிட்டப் போயிச் சொல்ல? ரெண்டு பாதையும் இவன் கடை வாசல்லதான் போயி முட்டுது. தூக்கிட்டுப் போனா இவன் பாத்துருவான். விட்டுட்டுப் போனா நரி பாத்துரும். வந்தவன் எவனா இருந்தாலும் கல்லால அடிச்சேன்."

கமருதீன் குனிந்து தட்டிக் கதவைத் தள்ளினார். உள்ளே ஈர மண்ணும் உளுந்துப் பத்தும் கலந்த வாடை அடித்தது. கோரைப் பாயில் ஒரு பையன் கிடந்தான். இடது காலில் முழங்காலுக்குக் கீழே மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கட்டு. கன்னம் ஒட்டிப்போய், தாடி முளைத்து, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. யாரோ வருவதைக் கண்டதும் கையை ஊன்றிப் பின்னால் நகரப் பார்த்தான்.

"பயப்படாத. உங்க அக்கா அனுப்பித்தான் வந்திருக்கோம். போடியில இருக்கா" என்றார் கமருதீன்.

பையன் அவரை நம்பலாமா என்று வெகுநேரம் பார்த்தான். அவர் பையிலிருந்து அவன் கையெழுத்துப் போட்ட அந்தக் கடைசிக் கார்டை எடுத்து அவன் மார்பின்மேல் வைத்தார். அவன் அதைத் தடவிப் பார்த்தான்.

"அக்கா வந்திட்டாவோ? கோவமாயிருக்கிறாவோ?"

"கோவமா? பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருக்கா. உசுரோட இருக்கன்னு சொன்னாப் போதும் அவளுக்கு. என்ன சொல்லணும், சொல்லு. நான் முந்தி இறங்கிப் போயிச் சொல்றேன்" என்றான் பால்பாண்டி. சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

குணரத்தினம் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த தன் வெறும் கால்களைப் பார்த்தான். பிறகு, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை மாதிரி, மெதுவாகச் சொன்னான்.

"அக்காவிட்டச் சொல்லுங்கோ அண்ணை. சப்பாத்தை நான் கழட்டேல்லை."